கதை கேட்கும் கேள்வி

நல்ல சிறுவர் நூல்களைத் தலைநகர் தில்லி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சிட்டு வருகிறது. ஆனால் கதை என்றாலே கடைசி வரியில் ஒரு நீதி என்றுதான் பள்ளியும் வீடும் இன்னமும் நினைக்கின்றன. இளம் வாசகர்கள் கதையிலிருந்து கற்பதோ வேறு.

அல்மோராவில் வசிக்கும் அப்பு கானுக்கு ஆடு வளர்ப்பதில் கொள்ளை ஆசை. ஆனால் ராசி இல்லை. ஒவ்வோர் ஆடும் ஏதாவது ஓர் இரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு மலைக்கு ஓடிவிடும். அங்கே ஓநாய்க்கு இரையாகும். கடைசியாக வந்த சாந்தினியை அவர் பெற்ற பெண்ணைப் போல் வளர்க்கிறார். தீனிக்கும் குறைவில்லை, பாசத்துக்கும் குறைவில்லை. ஆனால் சாந்தினியின் கண் மலை மீதே இருக்கிறது. ஒரு நாள் அதுவும் தப்பி ஓடுகிறது. பகல் முழுவதும் மலையில் துள்ளித் திரிகிறது. இரவில் ஓநாய் வருகிறது. வீடு திரும்ப வழி இருந்தும் சாந்தினி கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நிற்கிறது; விடியும் வரை போராடிச் சாகிறது. மரத்திலிருந்து பார்த்த பறவைகளுக்குள் விவாதம்: ஜெயித்தது யார்? ஓநாய்தான் என்கின்றன பறவைகள். ஒரு கிழப் பறவை மட்டும் சாந்தினி என்கிறது.

இந்தக் கதையை எழுதியவர் முழுநேர எழுத்தாளர் அல்ல. தில்லியின் ஜாமியா மிலியா இஸ்லாமியாவில் 1926 முதல் 1948 வரை துணைவேந்தராக இருந்து, 1967இல் நாட்டின் ஜனாதிபதியான ஜாகிர் உசேன். மூலக் கதை அவருடையதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே எழுதியது. நல்ல சம்பளத்தில் கிடைத்த பத்திரிகை வேலையை மறுத்துவிட்ட ஒரு கவிஞனுக்கு எச்சரிக்கைக் கடிதம் போல அமைந்த கதை அது: சுதந்திரம் என்று கிளம்பிய ஆட்டின் கதியைப் பார், உன் கதியும் அதுதான். ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் ஒரு ஆசிரியரின் கைக்கு வந்தபோது அதே ஆடு, அதே ஓநாய், அதே விடியல். பொருள் மட்டும் தலைகீழ்.

ஒரு கதைக்குள் ஒரே ஒரு நீதிதான் உண்டு என்றால் இது நடந்திருக்க முடியாது. கதை இளம் வாசகருக்குத் தருவது தீர்ப்பை அல்ல, வழக்கை. ஓநாய் ஜெயித்ததா, ஆடு ஜெயித்ததா என்று முடிவு செய்யும் பொறுப்பு பத்து வயது வாசகரின் தலையில் விழுகிறது. அதோடு இன்னொரு சங்கடமும்: அப்பு கான் கெட்டவர் இல்லை. அவருடைய கயிறு அன்பினால் கட்டிய கயிறு. அன்பும் ஒருவரைக் கட்டிப்போடலாம் என்பதை எந்த நன்னெறி வகுப்பும் குழந்தைக்குச் சொல்லித்தர முடியாது. சொன்னாலும் பெற்றோர் ஒப்ப மாட்டார்கள்.

மூன்று பைசா படிப்பு

தில்லி மாணவர்கள் பல தலைமுறைகளாகப் படித்த இன்னொரு கதை பிரேம்சந்தின் 'ஈத்கா'. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி.யின் ஹிந்திப் பாடநூலிலும் அது இடம்பெற்றது. ரம்ஜான் பண்டிகைச் சந்தைக்குப் போகும் சிறுவன் ஹமீதின் கையில் மூன்று பைசா. நண்பர்கள் மண் பொம்மைகளும் மிட்டாயும் வாங்குகிறார்கள். ஹமீது ஒரு இரும்புக் கிடுக்கி வாங்குகிறான். ரொட்டி சுடும்போது பாட்டி அமீனாவின் விரல் சுடுகிறதே என்ற கவலை.

இதைப் பாடமாக நடத்தும் வகுப்பில் கடைசிக் கேள்வி என்னவாக இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை: இக்கதையால் நீ அறியும் நீதி யாது? கைடு புத்தகத்தில் விடையும் தயார்: பெரியவர்களிடம் அன்பு காட்ட வேண்டும். நான்கு சொற்களில் கதை முடிந்துவிடுகிறது. மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது.

ஆனால் பிரேம்சந்த் எழுதியது அந்த நான்கு சொற்களை அல்ல. ஹமீதின் தந்தை காலராவில் இறந்துவிட்டார், தாயும் போய்விட்டாள். அவனிடம் சொல்லப்பட்டிருப்பதோ, அப்பா பணம் சம்பாதிக்கப் போயிருக்கிறார், அம்மா அல்லாவின் வீட்டிலிருந்து நல்ல நல்ல பொருள்கள் கொண்டுவரப் போயிருக்கிறாள் என்று. அவன் நம்புகிறான். படிக்கும் குழந்தைக்கு உண்மை தெரியும், ஹமீதுக்குத் தெரியாது. ஒருவருக்குத் தெரிந்ததும் இன்னொருவருக்குத் தெரியாததும் ஒரே நேரத்தில் மனதில் நிற்க வேண்டும். இது சாதாரணப் பயிற்சி அல்ல.

கடைக்காரர் ஆறு பைசா என்று சொல்ல, ஹமீது மூன்றுக்குப் பேரம் பேசி முடிக்கிறான். கேலி செய்த நண்பர்களிடம் தன் கிடுக்கிதான் எல்லா பொம்மைகளையும்விடப் பெரிய வீரன் என்று வாதாடி ஜெயிக்கிறான். அந்த வாதத்தில் பாதி வெறும் வாய்ச் சாமர்த்தியம் என்பது வாசகருக்குப் புரிகிறது. அதை ரசிக்கவும் முடிகிறது. வீட்டில் பாட்டி முதலில் மார்பில் அடித்துக்கொள்கிறாள்: மதியம் வரை பட்டினி கிடந்து இதையா வாங்கி வந்தாய்? காரணம் தெரிந்ததும் அழுகிறாள். அங்கே கிழவி குழந்தையாகவும் குழந்தை பெரியவனாகவும் மாறிவிடுகிறார்கள். அவள் ஏன் அழுகிறாள் என்று ஹமீதுக்கு விளங்கவில்லை. வாசகருக்கு விளங்குகிறது.

வறுமை, பேரம், பெருமை, பொய், தியாகம், அந்தத் தியாகத்துக்குள் ஒளிந்திருக்கும் வலி. ஐந்து வயதுப் பையன் இவ்வளவு சீக்கிரம் பெரியவனாவது நல்லதா என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. 'அன்பு காட்ட வேண்டும்' என்ற விடை எழுதியதும் இவை அனைத்தும் குப்பைக் கூடைக்குப் போய்விடுகின்றன.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

கதை படித்தால் மனம் விரியும் என்பது பழைய நம்பிக்கை. விஞ்ஞானிகள் அதை அளந்து பார்க்கவும் முயன்றிருக்கிறார்கள். முடிவுகள் கதை வியாபாரிகள் சொல்லுமளவுக்குப் பிரமாதமாக இல்லை. அலட்சியம் செய்யும்படியாகவும் இல்லை.

2013இல் நியூயார்க்கின் நியூ ஸ்கூலைச் சேர்ந்த டேவிட் கிட், இமானுவேல் கஸ்தானோ இருவரும் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இலக்கியத் தரமான சிறுகதையைச் சற்று நேரம் படித்த பெரியவர்கள், பிறர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும் சோதனைகளில் சற்று மேலாகச் செய்தார்கள் என்றது அது. உலகெங்கும் தலைப்புச் செய்தி. ஆனால் 2016இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2018இல் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள், பலன் உண்டு, ஆனால் சிறியது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு கதையைப் படித்ததும் ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை. மாத்திரை போல வேலை செய்யும் பொருள் அல்ல இது. தினசரிச் சாப்பாடு போன்றது.

அந்தத் தினசரிப் பழக்கத்தின் பலனை 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு காட்டுகிறது. ஜான் ஜெரிம், ஜெம்மா மோஸ் ஆகியோர் 35 நாடுகளில் பிசா தேர்வு எழுதிய 2,50,000க்கும் மேற்பட்ட பதின்வயதினரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். அடிக்கடி புனைகதை படிப்பவர்களின் வாசிப்புத் திறன் தெளிவாக மேலே நின்றது. செய்தித்தாள், காமிக்ஸ், தகவல் நூல் ஆகியவற்றுக்கு அத்தகைய தொடர்பு தெரியவில்லை. நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் கதை படிக்கிறார்களா, கதை படிப்பதால் நன்றாகப் படிக்கிறார்களா என்ற கேள்வி எழலாம். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதே நியாயமான ஊகம். 'கதைப் புத்தகத்தை வைத்துவிட்டுப் படி' என்று அதட்டும் தந்தைமார்கள் இந்த எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மிகவும் உதவக்கூடியது இத்தாலியில் நடந்த ஒரு சின்ன ஆய்வு. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் 34 பேருக்கு ஆறு வாரம் ஹாரி பாட்டர் நாவல்களின் பகுதிகள் தரப்பட்டன. ஒரு பிரிவு, பிறப்பைக் காட்டி மனிதரை இழிவுபடுத்தும் பகுதிகளைப் படித்து அவற்றைப் பற்றிப் பேசியது. மறு பிரிவுக்கு வேறு பகுதிகள். முதல் பிரிவில் ஹாரியோடு தன்னை ஒன்றாக உணர்ந்த குழந்தைகளிடம், வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள் மீதான வெறுப்பு குறைந்தது. வெறும் 34 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு: அந்தக் குழந்தைகளிடம் யாரும் 'குடியேறியவர்களை வெறுக்காதே' என்று போதிக்கவில்லை. ஒரு மந்திரவாதிச் சிறுவனைப் பற்றிப் பேசினார்கள். அவ்வளவுதான்.

கண்ணாடியும் ஜன்னலும்

குழந்தைகளுக்கான நூல்கள் கண்ணாடியாகவும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று 1990இல் எழுதினார் அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப். தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொள்ளக் கண்ணாடி; பிறர் வாழ்க்கையைப் பார்க்க ஜன்னல். கறுப்பினக் குழந்தைகளுக்குக் கண்ணாடியே கிடைப்பதில்லை என்பது அவருடைய ஆதங்கம்.

தில்லியில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு இது நன்றாகவே புரியும். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, புத்தகப் பையில் ஆங்கிலம். தில்லி தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்காவது தமிழ் எழுத்துக் கைவசமாகிறது. மற்றவர்களுக்குத் தமிழ் என்பது பாட்டியோடு போனில் பேசும் மொழி. ஆங்கில நாவலில் லண்டன் சிறுமி கேக் சாப்பிடுவதைப் படித்து வளரும் குழந்தைக்கு, தன் வீட்டுச் சமையலறையும் கதைக்குள் வரத் தகுந்த இடம்தான் என்பது தெரிவதற்கே வயதாகிவிடுகிறது.

தமிழில் கண்ணாடிகளுக்குப் பஞ்சமில்லை. தில்லி ரவீந்திர பவனில் இயங்கும் சாகித்ய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கெனத் தனியாக பால சாகித்ய புரஸ்கார் வழங்கிவருகிறது. 2020இல் தமிழுக்கான விருது யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலுக்கு. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறல்தான் அதன் பொருள். எந்த வீட்டிலும் சாப்பாட்டு நேரத்தில் பேசத் துணியாத விஷயம். அதைப் பேச ஒரு மரப்பாச்சி பொம்மை வருகிறது. தனக்கு நேர்ந்ததற்குப் பெயர் தெரியாமல் தவிக்கும் குழந்தைக்கு, அது தனக்கு மட்டும் நேர்ந்ததல்ல, அதைச் சொல்லலாம், சொன்னால் நம்புவார்கள் என்று அறிவுரை கூறுவது சுலபம். ஒரு கதாபாத்திரம் சொல்லிக் காட்டுவதுதான் காதில் விழுகிறது. கதையின் பயன் வெறும் ரசனை அல்ல. சில குழந்தைகளுக்கு அது பாதுகாப்பு.

கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு வேறு கண்ணாடி வேண்டும். தில்லியில் வாழ்ந்து நேஷனல் புக் டிரஸ்டில் பணியாற்றிய ஆதவனின் 'காகித மலர்கள்' இந்த நகரத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சித்திரிக்கிறது. வீட்டில் ஒரு முகம், வெளியில் ஒரு முகம் என்று தடுமாறும் கல்லூரி வயதினர், தங்கள் தடுமாற்றத்துக்கு முன்னரே ஒருவர் சொற்கள் கண்டுபிடித்து வைத்திருப்பதை அதில் காணலாம். பதினெட்டு வயதில் அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

அச்சாகிறது, சென்று சேர்கிறதா?

புத்தகத் தயாரிப்பில் தில்லிக்கு நிகரான நகரம் குறைவு. கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1957இல் இங்கே சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டைத் தொடங்கினார். அதே ஆண்டில் அரசு சார்பில் நேஷனல் புக் டிரஸ்ட் பிறந்தது; அதன் நேரு பால புஸ்தகாலய வரிசையின் மலிவு விலைப் புத்தகங்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்தன. அசாம் காட்டில் காண்டாமிருக வேட்டைக்காரர்களைத் துரத்தும் சிறுவர்களைப் பற்றி அரூப் குமார் தத்தா எழுதிய 'காசிரங்கா டிரெயில்' 1979இல் சங்கரின் நிறுவனம் வெளியிட்டதுதான். சரணாலயம் என்ற சொல்லைப் பாடநூலில் மனப்பாடம் செய்த பிள்ளைகள், அதில்தான் சரணாலயத்துக்குள் நுழைந்தார்கள்.

ஆனால் அச்சகத்திலிருந்து குழந்தையின் கை வரை உள்ள தூரம் பெரிது. கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் 'அசர்' அறிக்கையில் நான்கு படிகள்: எழுத்து, சொல், பத்தி, கடைசியில் கதை. கதை என்பது இரண்டாம் வகுப்புத் தரத்திலான சில வரிகள்தான். 2022இல் நாட்டின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 42.8 சதவீதம் பேரால்தான் அந்தக் கதையைப் படிக்க முடிந்தது. தலைநகரத்தின் நெரிசல் குடியிருப்புகள் அந்தக் கணக்கில் வராவிட்டாலும், பாடநூலைத் தவிர வேறு புத்தகமே இல்லாத வீடுகளுக்கு இங்கும் பஞ்சமில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப தில்லியில் மூன்று தலைமுறை முயற்சிகள் நடந்திருக்கின்றன. பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே யுனெஸ்கோ உதவியுடன் 1951இல் நேரு திறந்துவைத்த தில்லி பொது நூலகம் முதலாவது. அடுத்தது, 1981இல் சங்கர் தூண்டுதலில் உருவான சிறுவர் எழுத்தாளர், ஓவியர் சங்கம். அதன் யோசனை எளிமையானது. கட்டடம் வேண்டாம், யாராவது ஒருவர் வீட்டில் ஒரு பெட்டி புத்தகம் போதும்; அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வந்து எடுத்துப் போவார்கள். இந்த வீட்டு நூலகங்களுக்கு 1991இல் ஐ.பி.பி.ஒய்.-அசாஹி சர்வதேச விருது கிடைத்தது.

மூன்றாவது, 2010களில் தென் தில்லியின் ஷேக் சராய், கிர்க்கி பகுதிகளில் தொடங்கிய கம்யூனிட்டி லைப்ரரி புராஜெக்ட். அதன் நிறுவனர்களில் ஒருவரான மிருதுளா கோஷி நாவலாசிரியர். கட்டணம் இல்லை, டெபாசிட் இல்லை. புத்தகம் தொலைந்துவிடுமே என்று அலமாரியைப் பூட்டி வைப்பதுதான் நம் பள்ளி நூலகங்களின் வழக்கம். இங்கே அதற்கு நேர்மாறு. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த குழந்தைகளுக்குக் கதையை உரக்கப் படித்துக் காட்டி, அதைப் பற்றிப் பேச வைப்பது அன்றாட வேலை. 'உபயோகமான' புத்தகங்கள்தான் ஏழைக் குழந்தைக்கு உகந்தவை, கதை வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை அது ஏற்கவில்லை. வேலைக்கான படிப்பு மட்டுமே கிடைக்கும் குழந்தை பிறர் சொல்வதைச் செய்யப் பழகும். 'ஏன்?' என்று கேட்கப் பழகுவது கதையில்தான்.

தமிழகமும் இதே திசையில் ஒரு அடி வைத்திருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குத் தந்தது. கேள்வித்தாள் இல்லாமல் ஒரு புத்தகம் அரசுப் பள்ளிக் குழந்தையின் கைக்கு வருவது சின்ன விஷயம் அல்ல.

பெரியவர்கள் செய்யக்கூடியது

புத்தகம் கிடைத்த பிறகு பெரியவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, சில காரியங்களைச் செய்யாமல் இருப்பது. கதை முடிந்ததும் நீதி கேட்காமல் இருக்கலாம். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடிவைக்க அனுமதிக்கலாம். ஒரே புத்தகத்தைப் பத்தாவது தடவை படிக்கும் பிள்ளையைக் கேலி செய்யாமல் விடலாம். சோகமான முடிவு, திருடனாக வரும் கதாநாயகன், பெற்றோரை எதிர்க்கும் பெண் ஆகியவற்றைக் கண்டு பதறாமல் இருக்கலாம். மரணமும் அநியாயமும் குழந்தையின் வாழ்க்கைக்குள் எப்படியும் வரத்தான் போகின்றன. முதல் அறிமுகம் கதையில் நடப்பது நல்லது. புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவின் மடிக்கு ஓட முடியும்.

செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பேசுவது. இத்தாலியக் குழந்தைகளின் மனதை மாற்றியதில் படிப்புக்கு எவ்வளவு பங்கோ, படித்தபின் நடந்த பேச்சுக்கும் அவ்வளவு பங்கு இருந்திருக்க வேண்டும். கேள்விகள் கடினமானவை அல்ல. ஹமீதின் இடத்தில் இருந்திருந்தால் நீ என்ன வாங்கியிருப்பாய்? மிட்டாய் என்று குழந்தை சொன்னால் திருத்த வேண்டாம். அது உண்மையான பதில். அந்த உண்மைக்கும் ஹமீதின் செயலுக்கும் உள்ள தூரத்தை அந்தக் குழந்தையே அளந்து பார்க்கட்டும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. 'அம்புலிமாமா' படித்து வளர்ந்த தலைமுறைக்கு விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வேதாளம் எந்தக் கதையின் முடிவிலும் நீதி சொன்னதில்லை. யார் செய்தது சரி என்று கேட்கும். தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று பயமுறுத்தும். ராஜா யோசித்துப் பதில் சொல்வான். சொன்னதும் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். ராஜாவுக்கு அது தொல்லைதான். படித்துக்கொண்டிருந்த சிறுவருக்கோ அடுத்த கதை தயார்.